வழித்துணை: காட்டுவழிக்குக் கட்டுச்சோறு



நம் சங்கத்தைச் சார்ந்த குடும்பங்களில் ஜீப் வகை வண்டி வைத்திருப்போர் தொகை ஆண்டுக்காண்டு பெருகி வருகின்றது. ஞாயிறு விடிந்தால் விகாராபாத்தை அடுத்த அனந்தகிரி மலைப்பக்கம். இரண்டு நாள் விடுமுறை சேர்ந்து வந்தால் நல்லமலைக் காட்டைக் கடந்து ஸ்ரீசைலம் என்று குடும்பத்தோடு புறப்பட்டுவிடுகின்றனர். இவர்களுள் சிலர், "தார்ச்சாலையை விட்டு இறங்கும் வண்டியில் இன்றியமையாது இருக்கவேண்டிய சாமான்கள் எவை? கடையில் அடுக்கி வைத்திருப்பவற்றை எல்லாம் வாங்க நம்மால் ஆகுமா?" என்று கேட்டிருந்தனர். இம்மாத 'வழித்துணை' அக்கேள்விக்கு விடையாக அமைகின்றது.

கடைக்காரரைக் கேட்டால், வண்டிக்கு என்ன வேண்டும் என்பதிலிருந்து தொடங்குவார். நாம் வேறோர் இடத்திலிருந்து தொடங்குவோம். மாலை 6 மணி. கைப்பேசிக்கு டவர் கிடைக்காத இடம். வண்டி நின்றுவிட்டது. மறுநாட்காலை 6 மணி வரையில் அவ்வழியே ஒருவரும் வரப்போவதில்லை. உள்ளே இருப்பவர்கள் அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தைத் தீங்கின்றிக் கழிக்க என்ன வேண்டும்? இதுவே முதற் கேள்வி. சிக்கிய வண்டியை வெளியே எடுக்க என்ன வேண்டும் என்பது இரண்டாவது. பழுதைச் செப்பனிட என்ன வேண்டும் என்பது மூன்றாவது. மனிதர் முதலில், மீட்பு பின்னர், வண்டி கடைசியில். இந்த வரிசையை மனத்தில் நிறுத்திக்கொண்டால் பாதிப் பணம் மிச்சமாகும். முழு உயிரும் மிச்சமாகும்.

பிறந்த ஊரில் இருப்பவர்க்கு இக்கவலை அத்துணை இல்லை. திருநெல்வேலிச் சீமையில் நம் வண்டி ஓடையில் இறங்கிவிட்டால், அடுத்த ஊரில் ஒரு மாமனோ மச்சானோ டிராக்டரோடு வந்து நிற்பார். இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பாவிடில் தெருவே தேடப் புறப்படும். இங்கே நாம் பிழைப்பைத் தேடி வந்தவர்கள். சனிக்கிழமை புறப்பட்டவர் வரவில்லை என்பது திங்கட்கிழமை அலுவலகத்தில்தான் தெரியவரும். வழியிலுள்ள சிற்றூரில் நம் தெலுங்கு எடுபடுமோ என்ற தயக்கம் வேறு. ஆகையால் ஊரார் செய்யும் உதவியில் ஒரு பங்கை நாமே வண்டியில் ஏற்றிக்கொண்டு போகவேண்டியிருக்கின்றது.

செல்லுமிடங்களின் இயல்பையும் அறிந்திருத்தல் வேண்டும். ஐதராபாத்தைச் சுற்றிலும் கருங்கல் பாறையும் செம்மண்ணும். மேற்கே விகாராபாத், தாண்டூர், ஜகீராபாத் பக்கம் போகப் போக ஆங்காங்கே கரிசல் மண் தலைகாட்டும். கோவில்பட்டிப் பக்கத்தார்க்குக் கரிசலைப்பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. கோடையில் கைவிடும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஒரு மழை பெய்தால் நீரைக் குடித்து உப்பி, பசைபோல் சக்கரத்தைப் பற்றிக்கொள்ளும். தெற்கே, தேவாரத்தில் திருப்பருப்பதம் என்று பாடப்பெற்ற ஸ்ரீசைலத்துக்குச் செல்லும் சாலை, மன்னனூரைத் தாண்டியதும் அம்ராபாத் புலிகள் காப்பகத்துக்குள் புகுகின்றது. அக்காப்பகத்தின் பரப்பு 2,611 சதுர கிலோமீட்டர். காட்டுப்பகுதிச் சாலையை இரவு 9 மணிக்கு அடைத்துக் காலை 6 மணிக்குத் திறப்பது வழக்கம். அங்கே பழுதாகி நிற்பவர் விடியும்வரை பொறுத்திருக்கவேண்டி வரலாம்.

நம்மவர் குடும்பம் ஒன்றுக்கு நேர்ந்ததைக் கூறுகின்றேன், பெயர் வேண்டா. ஆடி மாதம், மழை விட்ட மாலை நேரம். பருத்திக் காட்டின் நடுவே செல்லும் வண்டிப்பாதையில் இறங்கினர். நான்கு சக்கரமும் இழுக்கும் புது வண்டி. இருநூறு அடி போவதற்குள் டயரின் பள்ளங்களில் எல்லாம் களிமண் அடைந்து, நான்கு சக்கரமும் நின்ற இடத்திலேயே வழுவழுவென்று சுழன்றன. ஜாக்கியை வைத்தனர், வண்டி எழவில்லை, ஜாக்கிதான் மண்ணுக்குள் இறங்கிற்று. வழியே போன ஒரு மோட்டார் சைக்கிள்காரர் தம் ஊரிலிருந்து ஒரு டிராக்டரைக் கொண்டுவந்தார். இவர்களிடம் இருந்ததோ மாடியில் துணி காயப்போடும் நைலான் கயிறு. இரண்டு முறை அறுந்தது. இருட்டிவிட்டதால் டிராக்டர்காரர், "காலையில் சங்கிலியோடு வருகிறேன்" என்று சொல்லிப் போய்விட்டார். வண்டிக்குள் நான்கு வயதுக் குழந்தை ஒன்று, சர்க்கரை வியாதிக்கு மருந்து உண்டுவரும் பாட்டியார் ஒருவர். மருந்தைத் தவறாமல் விழுங்கிய அம்மையார்க்கு இரவு உணவு இல்லை. பத்து மணி அளவில் உடல் வியர்த்து, நடுங்கி, பேச்சுக் குழறத் தொடங்கிற்று. பேரனுக்கென்று வாங்கிய கடலைமிட்டாய்ப் பொட்டலம் ஒன்று இருக்கையின் அடியில் கிடந்தது. அதை மென்று உண்ணும் அளவுக்கு அவருக்கு நினைவும் இருந்தது. அதுவே அவரைக் காத்தது. பல்லாயிரம் ரூபாய்க்கு அவ்வண்டியில் பூட்டியிருந்த அலங்கார விளக்குகளுள் ஒன்றும் அன்றிரவு அப்பொட்டலத்துக்கு ஈடாகவில்லை.

இனி, முதல் வகைச் சாமான்களைக் காண்போம்.

முதலாவது தண்ணீர். ஆள் ஒன்றுக்கு நாள் ஒன்றுக்கு 4 முதல் 5 லிட்டர் என்று கணக்கிடுக. நால்வர் சென்றால் 20 லிட்டர் கேன் ஒன்று. அதை அசையாதபடி கட்டி வைத்தல் வேண்டும். அடுத்தது உணவு. அவல், பொட்டுக்கடலை, எள்ளுருண்டை, கடலைமிட்டாய் ஆகியவை அடுப்பில்லாமல் பசியாற்றுவன. சர்க்கரை வியாதியுள்ளோர் உடன்வந்தால் குளுக்கோஸ் பொடி கட்டாயம். மூன்றாவது மருந்துப்பெட்டி. கட்டுத்துணி, பஞ்சு, கத்தரிக்கோல், புண் கழுவும் மருந்து, உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம், இவற்றோடு வீட்டில் யார் யார் நாள்தோறும் எம்மருந்து உண்கின்றனரோ அதில் இரண்டு நாளைக்கு மிகுதி. பாம்பு தீண்டினால் இறுகக் கட்டுதல், கீறுதல், உறிஞ்சுதல் ஆகிய மூன்றும் ஆகா. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து மருத்துவமனைக்கு விரைதல் ஒன்றே வழி. 2005 ஆகஸ்டு 15இல் இந்த ஐதராபாத்திலேயே தொடங்கப்பெற்ற 108 ஆம்புலன்ஸின் எண் குழந்தைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

நான்காவது வெளிச்சம். கைப்பேசி விளக்கை நம்பவேண்டா. அதன் மின்சாரம் பேசுவதற்கு வேண்டும். தலையில் மாட்டிக்கொள்ளும் டார்ச்சு ஒன்று இருந்தால் இரு கைகளும் வேலைக்குக் கிட்டும். ஐந்தாவது ஆளுக்கொரு கம்பளி அல்லது போர்வை. மலைக்காட்டில் மார்கழி இரவு சென்னைவாசிகள் நினைப்பதைவிடக் குளிரும். காட்டில் நெருப்பு மூட்டிக் குளிர்காயலாம் என்று எண்ணவேண்டா; அது குற்றம், பேராபத்தும் ஆகும்.

ஆறாவது சாமான் விலையற்றது; அது ஒரு சீட்டு. எவ்வழியே செல்கின்றோம், எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம், திரும்பாவிடில் எத்தனை மணிக்குமேல் தேடவேண்டும் என்று எழுதி, நகரிலேயே இருக்கும் ஒரு குடும்பத்திடம் கொடுத்துச் செல்லுதல். திரும்பியதும் மறவாமல் அவர்களுக்குத் தெரிவித்தல். உறவினர் இல்லாத ஊரில் உறவினராய் இருப்பதற்கன்றோ சங்கம் வைத்திருக்கின்றோம்!

இரண்டாம் வகை, சிக்கிய வண்டியை மீட்கும் சாமான்கள். இவற்றுள் தலையாயது எது என்று கேட்டால் பலரும் வின்ச்சு என்பர். அன்று, காற்றளவைக் காட்டும் சிறு கருவியும், காற்றடிக்கும் சிறு பம்பும்தான். டயர்க் கடைக்காரர் 32 அல்லது 35 என்று நிரப்பித் தரும் காற்றை, மணலிலும் இளகிய மண்ணிலும் 20 அளவுக்குக் குறைத்தால், டயர் பரந்து படிந்து, மண்ணில் புதையாமல் ஊரும். பாதிச் சிக்கல்கள் இதனாலேயே தீரும். 15க்குக் கீழே இறக்கினால் டயர் விளிம்பைவிட்டுக் கழன்றுவிடக்கூடும். குறைந்த காற்றோடு தார்ச்சாலையில் விரைந்தால் டயர் சூடேறி வெடிக்கும். ஆதலால் காற்றை இறக்கத் துணிபவர் ஏற்றும் பம்பையும் உடன்வைத்திருத்தல் வேண்டும்.

அடுத்து ஒரு மண்வெட்டி. ஜீப்பின் வரலாற்றைப் பார்த்தாலே அதன் பெருமை விளங்கும். இரண்டாம் உலகப்போருக்காக 1941 முதல் அமெரிக்காவில் செய்யப்பட்ட வில்லிஸ் ஜீப்பின் பக்கவாட்டில் ஒரு மண்வெட்டியும் ஒரு கோடரியும் வாரால் கட்டப்பட்டிருக்கும். எங்கும் ஏறி இறங்குவதற்கென்றே அவ்வண்டியை வகுத்தவர்கள்கூட அதன் சக்கரங்களை மட்டும் நம்பவில்லை! அவ்வண்டியையே 1940களின் இறுதியில் மகிந்திரா நிறுவனத்தார் பம்பாயில் பூட்டி நம் நாட்டில் விற்கத் தொடங்கினர். இன்று சாலையில் நாம் காணும் தார் வண்டி அவ்வழி வந்ததே.

மூன்றாவது, ஓரடிச் சதுரமும் ஒன்றரை அங்குலக் கனமும் உள்ள கெட்டிப் பலகை ஒன்று. இளகிய மண்ணில் ஜாக்கியின் கீழே இதை வைத்தால் ஜாக்கி புதையாது. மரக்கடையில் எளிதிற் கிடைக்கும். இதனோடு சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க இரண்டு ஆப்புக் கட்டைகள். நிறுத்திவைத்த பெட்டி ஓடிவிடாதபடி எங்கள் யார்டில் சக்கரத்துக்குக் கட்டை வைத்துச் சங்கிலியும் பூட்டுவார்கள். அவ்வளவு கனத்த பெட்டிக்கே அக்கவலை வேண்டுமாயின், சரிவில் ஜாக்கி ஏற்றிய வண்டிக்கு வேண்டாமா?

நான்காவது இழுகயிறு. இதில்தான் உயிர்ச்சேதம் நேர்வது. வண்டியின் எடையைப்போல் மும்மடங்கு தாங்கும் என்று அச்சிட்ட அகன்ற நாடாக்கயிறு வாங்குக. இரும்பு ஷாக்கிள் இரண்டு வாங்குக. கயிற்றை வண்டிச் சட்டத்தோடு பிணைந்த இழுகொக்கியில் மட்டுமே மாட்டவேண்டும். பின்னால் டிரெயிலர் இழுக்கும் குமிழிலோ பம்பரிலோ மாட்டினால், அது பிய்த்துக்கொண்டு பீரங்கிக் குண்டுபோல் பாயும். இவ்வாறு பல நாடுகளில் ஆட்கள் மாண்டிருக்கின்றனர். இழுக்கும்போது கயிற்றின்மேல் கனத்த போர்வையோ சாக்கோ போட்டுவைத்தால், அறுந்தாலும் வீச்சுக் குறையும். மற்றவர் அனைவரும் கயிற்றின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தள்ளி, பக்கவாட்டில் நிற்கவேண்டும். குழந்தைகளை அப்பால் அழைத்துச் செல்லாமல் கயிற்றில் கை வைக்கலாகாது.

மூன்றாம் வகை, வண்டிக்கு உரியவை. முதலில் ஸ்டெப்னி. இச்சொல்லுக்கு ஒரு கதை உண்டு. பழங்கால மோட்டார்களுக்கு மாற்றுச் சக்கரம் கிடையாது. 1904ஆம் ஆண்டளவில் பிரிட்டனின் வேல்ஸ் நாட்டு லனெத்லி நகரில், ஸ்டெப்னி தெருவிலிருந்த பட்டறை ஒன்றில் டேவிஸ் சகோதரர்கள் முதன்முதலாக மாற்றுச் சக்கரத்தைச் செய்தனர். தெருவின் பெயர் சக்கரத்துக்கு ஆயிற்று. ஆங்கிலேயர் மறந்துவிட்ட அச்சொல்லை நம் பஞ்சர்க் கடைக்காரர் இன்றும் காத்துவருகின்றனர். 2020 அக்டோபர் முதல், டியூப் இல்லாத டயரும் காற்றளவு காட்டும் ஏற்பாடும் பஞ்சர் ஒட்டும் சாமானும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி இல்லாமலும் இருக்கலாம் என்று நம் நாட்டு விதி இடங்கொடுத்துள்ளது. நகரச் சாலைக்கு அது பொருந்தும். பாறை முனையில் டயரின் பக்கச் சுவர் கிழிந்தால் எந்தப் பசையும் ஒட்டாது. ஆதலால் காட்டுவழி செல்வோர் முழு அளவு ஸ்டெப்னி இன்றிப் புறப்படலாகாது. அதன் காற்றையும் மாதந்தோறும் பார்த்தல் வேண்டும்.

பிறவற்றைச் சுருங்கச் சொல்வேன். பஞ்சர் ஒட்டும் சாமான், ஒரு கட்டு ஃபியூஸ், ஸ்பானர், திருப்புளி, குறடு, கட்டுக்கம்பி, ஒட்டுநாடா, பேட்டரி செத்தால் இன்னொரு வண்டியிலிருந்து மின்சாரம் பெறும் கேபிள், ஓட்டுநர் கைக்கு எட்டுமிடத்தில் ஒரு கிலோ தீயணைப்புக் கருவி, சிவப்பு முக்கோணப் பலகை. ரேடியேட்டர் கொதித்தால் உடனே மூடியைத் திறக்கலாகாது. ஆறும்வரை காத்திருக்க வேண்டும். பெட்ரோலைப் பொறுத்தவரை, கேனில் நிரப்பி ஆட்களோடு உள்ளே வைப்பதைவிட, காட்டுக்கு முந்திய கடைசிப் பங்கில் தொட்டியை நிரப்பிக்கொள்வதே மேல். எங்கள் பார்சல் அலுவலகத்தில் மோட்டார் சைக்கிள் அனுப்ப வருவோர், "ஒரு லிட்டர்தானே, இருக்கட்டுமே" என்பர். ஒட்ட வடித்தபிறகே ஏற்றுக்கொள்வோம். பெட்ரோலின் ஆவி லிட்டர் கணக்குப் பார்ப்பதில்லை.

சாமான் வாங்கியதோடு வேலை முடிந்ததா? இங்கேதான் ரயில்வேயிடம் கற்கவேண்டிய பாடம் ஒன்று உண்டு. கார்டு என்று நாம் அழைத்துவந்தவர்க்கு 2022 முதல் டிரெயின் மேனேஜர் என்று பெயர் மாறிற்று, கடமை மாறவில்லை. கைவிளக்கு, சிவப்பு பச்சைக் கொடிகள், ஊதல், கடிகாரம், தண்டவாளத்தில் வைக்கும் வெடிவில்லைகள் ஆகியவை அவரிடம் இருந்தே தீரவேண்டும். வண்டி நடுவழியில் நின்று காப்புச் செய்ய நேர்ந்தால், அகலப்பாதையில் 600 மீட்டர் தொலைவில் ஒரு வெடிவில்லையும் 1,200 மீட்டர் தொலைவில் மூன்றும் வைக்கவேண்டும் என்பது விதி. பல்லாண்டு பணியாற்றி அவ்வெடிவில்லையை ஒருமுறையேனும் பயன்படுத்தாமலே ஓய்வு பெறுவோர் உண்டு. ஆயினும் அது இல்லாமல் அவர் பணிக்குப் புறப்படுவதில்லை. சாமானை எண்ணிப் பார்ப்பது புறப்படும்போது. தேவை வந்தபோது அன்று.

நாமும் அவ்வாறே செய்யலாம். ஒரு விடுமுறை நாளில், வீட்டு வாசலில், பகல் வெளிச்சத்தில், ஸ்டெப்னியை ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள். இல்லத்தரசியும் வளர்ந்த பிள்ளைகளும் அதைச் செய்து பழகட்டும். வண்டியோட்டுபவர்க்கே நோய் வந்தால் யார் செய்வது? நட்டுக்கு ஏற்ற ஸ்பானர் அதுதானா, பம்பின் ஒயர் நான்கு சக்கரத்துக்கும் எட்டுகின்றதா, டார்ச்சில் செல் கசிந்திருக்கின்றதா என்பவை அன்று தெரியவரும். வீட்டில் பழகாத சாமான் காட்டில் வெறும் பாரம்.

எல்லாச் சாமானும் இருந்தாலும் செய்யத்தகாதவை சில உண்டு. ஓடும் நீரில் இறங்குவது அவற்றுள் முதன்மையானது. முழங்கால் அளவு வெள்ளம் ஒரு காரைப் புரட்டிச் செல்லப் போதும். 2020 அக்டோபரில் நம் நகரத் தெருக்களிலேயே கார்கள் மிதந்து போயின. 2024 செப்டம்பர் முதல் நாளில் மகபூபாபாத் மாவட்டத்தில் ஆகேரு வாகு பெருகியபோது, காரில் சென்றோர் அடித்துச் செல்லப்பட்டு உயிர்கள் போயின. அதே மழையில் கேசமுத்திரம் அருகே தண்டவாளத்தின் அடியிலிருந்த ஜல்லி முழுவதும் அரித்துப்போகவே, ரயில்கள் நின்றன. பாதையில் ஜல்லிக்குமேல் நீர் ஏறினால், ஸ்லீப்பர் கட்டையின் இரு முனைகளிலும் இருவர் இணையாக நடந்து பார்த்து, பழுதில்லை என்று கண்ட பின்னரே ரயிலை மெல்ல விடவேண்டும் என்பது எங்கள் விதி. நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள ரயிலே நின்று பார்க்கின்றது. நம் வண்டி ஏறக்குறைய இரண்டு டன். வாகு ஓடினால் நிற்கவேண்டும். வடியாவிட்டால் வந்த வழியே திரும்பவேண்டும். அதுபோலவே, வனத்துறையின் அனுமதியின்றிக் காப்புக்காட்டின் பாதைகளில் வண்டியை இறக்குவதும் சட்டப்படி குற்றம். அங்கே யானைப்பலம் கொண்ட வண்டியும் வழக்கிலிருந்து மீட்காது.

ஒரே மாதத்தில் எல்லாம் வாங்கவேண்டும் என்பதில்லை. தண்ணீர்க் கேன், டார்ச்சு, மருந்துப்பெட்டி, போர்வை, பலகை ஆகியவற்றில் பெரும்பாலன வீட்டிலேயே இருப்பவை. இவற்றை இவ்வாரமே ஏற்றிவிடலாம். அடுத்த சம்பளத்தில் காற்றுப் பம்பும் மண்வெட்டியும். அதற்கடுத்து, மலிவைப் பாராமல் நல்ல இழுகயிறும் ஷாக்கிளும். விளக்குகளும் வின்ச்சும் அதற்குப் பின் ஆசைக்கேற்ப. சாமான் பட்டியலை ஓர் அட்டையில் எழுதிப் பின்கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள். அவ்வட்டையின் தலைப்பில், உங்கள் சீட்டை வைத்திருக்கும் குடும்பத்தின் தொலைபேசி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

அடுத்த இதழில், கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்வோர் ரயிலில் வீட்டுச் சாமான்களைப் பார்சல் அனுப்பும் முறைபற்றி எழுதுவேன். அதுகாறும் வணக்கம்.